விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் டிரைவ் திறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

நேற்று மாலை வரை ஒழுங்காகத் திறந்த இசட் டிரைவ், இரவில் அப்டேட் ஏறிய மறுநாள் காலை சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். அல்லது எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தவறு என்று திருப்பி அனுப்பும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எதுவும் ஆகியிருக்காது. அவை நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் இணைந்த பொதுச் சேமிப்புப் பெட்டி) சர்வரிலோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது உங்கள் கணினி அங்கே போய்க் கதவைத் தட்டும் முறை மட்டும்தான். அதனால் நாஸை ரீசெட் செய்வது, ஹார்டு டிஸ்கைக் கழற்றுவது, ஷேர் ஃபோல்டரை அழித்துப் புதிதாக உருவாக்குவது போன்ற எதையும் இந்தக் கட்டத்தில் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய பல அலுவலகங்களில் இந்தச் சிக்கல் தலைகாட்டுகிறது. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு கொண்டுவந்த இரண்டு விதிகள். அதற்குப் பின் வந்த 25எச்2-விலும் அவையே தொடர்கின்றன.

முதல் விதி, எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்பைப் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறை. போகும் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்பது உறுதியாகும். முன்பு இது விருப்பம். இப்போது புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இயல்பாகவே கட்டாயம். இரண்டாம் விதி, பாஸ்வேர்டு கேட்காத கெஸ்ட் நுழைவுக்குத் தடை. என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பு முதலே இருந்த இந்தத் தடை, 24எச்2-வில் புரோவுக்கும் வந்துவிட்டது. ஹோம் பதிப்பில் இரண்டுமே இயல்பாகக் கட்டாயமில்லை. ஒரே அலுவலகத்தில் ஒரு லேப்டாப்பில் டிரைவ் திறந்து, பக்கத்து மேசைக் கணினியில் திறக்காமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று பின்னியவை. கையொப்பமிட ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி பயனரின் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டே இல்லாததால் சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஆகவே கெஸ்ட்டை மட்டும் அனுமதித்துவிட்டுக் கையொப்பத்தைக் கட்டாயமாகவே வைத்திருந்தால் டிரைவ் திறக்காது. இணையத்தில் கிடைக்கும் பாதி வழிமுறைகள் பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

தொடங்கும் முன்

ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்று தட்டி, பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, நெட் யூஸ் \\192.168.1.20\கணக்கு என்ற வடிவில் உங்கள் நாஸின் ஐபி முகவரியையும் ஷேர் பெயரையும் போட்டுத் தட்டுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சாய்கோடும் மாறாமல் தட்டவும்.) ஃபைல் எக்ஸ்ப்ளோரர் காட்டும் செய்தி பெரும்பாலும் பொத்தாம்பொதுவாக இருக்கும். இந்தக் கட்டளையோ 'சிஸ்டம் எரர்' என்று சொல்லி ஓர் எண்ணைத் தரும். அந்த எண்தான் நீங்கள் கீழே எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, அப்டேட் ஆகாத வேறொரு கணினியிலோ, கோப்பு மேலாளர் செயலி உள்ள ஃபோனிலோ அதே ஷேரைத் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி அப்டேட் அல்ல. நாஸ், சுவிட்ச், கேபிள் இவற்றைப் பார்க்க வேண்டும்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எழும். பெரிய பதிப்பு மேம்படுத்தலுக்குப் பின் 10 நாள் வரை, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'கோ பேக்' வழியாகத் திரும்ப முடியும். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளில் மாட்டிக்கொண்டால் அது நியாயமான அவசர வழிதான். ஆனால் அடுத்த அப்டேட் அதே விதிகளோடு வந்து நிற்கும்.

அறிகுறி 1: 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி, எண் 1272 அல்லது 3227320323

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'நிறுவனம்' என்ற சொல்லைப் பார்த்து, நம் கணினியை யாரோ தொலைவிலிருந்து கட்டுப்படுத்துகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். வீட்டுக் கணினியிலும் விண்டோஸ் இதே வாசகத்தைத்தான் காட்டும். பொருள் ஒன்றே: நாஸ் உங்களைக் கெஸ்ட்டாக உள்ளே விடப் பார்த்தது, விண்டோஸ் மறுத்துவிட்டது.

'எங்கள் நாஸில் பாஸ்வேர்டு வைத்திருக்கிறோமே, கெஸ்ட் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி உடனே வரும். விடை நாஸுக்குள் ஓடும் சாம்பா என்ற மென்பொருளில் இருக்கிறது. பெரும்பாலான நாஸ் பெட்டிகளில் கோப்புப் பகிர்வைக் கவனிப்பது இதுதான். இதில் 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்று ஓர் அமைப்பு உண்டு. வருகிறவரின் பெயர் தன் பட்டியலில் இல்லை என்றால், அவரைத் திருப்பி அனுப்பாமல் கெஸ்ட் ஆக்கிவிடு என்பது அதன் பொருள். நீங்கள் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால், விண்டோஸ் முதலில் அந்த மின்னஞ்சல் முகவரியையே பெயராக நீட்டும். நாஸுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. சத்தமில்லாமல் கெஸ்ட் ஆக்கும். முன்பு விண்டோஸும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. நீங்கள் பல வருடமாக உங்கள் கணக்கில்தான் நுழைகிறீர்கள் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் கெஸ்ட்டாகத்தான் நுழைந்துகொண்டிருந்தீர்கள்.

சரியான தீர்வு, நாஸில் ஒரு பெயரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கி, அதையே விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒரு கணினிக்குப் பத்து நிமிட வேலை.

சினாலஜி நிறுவன நாஸில் 'கன்ட்ரோல் பேனல்' போய் 'யூசர் அண்ட் குரூப்' பகுதியில் புதிய பயனரை உருவாக்குங்கள். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். உருவாக்கும்போதே எந்த ஷேர் ஃபோல்டருக்குப் 'ரீட்/ரைட்' என்று கேட்கும். தேவையானதை மட்டும் கொடுங்கள். கியூநாப் நிறுவன நாஸிலும் கன்ட்ரோல் பேனலில் 'யூசர்ஸ்' பகுதியில் இதே வேலை நடக்கும். லினக்ஸ் கணினியில் நீங்களே சாம்பா அமைத்திருந்தால், கணினியில் பயனர் இருப்பது மட்டும் போதாது. 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ' (smbpasswd -a) கட்டளையால் சாம்பாவின் சொந்தப் பட்டியலிலும் அவரைச் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் ஏராளம்.

இனி விண்டோஸ் பக்கம். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதிக்குப் போங்கள். 'வெப் கிரெடென்ஷியல்ஸ்' அல்ல. நாஸின் பெயரிலோ ஐபி முகவரியிலோ பழைய பதிவு இருந்தால் நீக்குங்கள். 'ஆட் எ விண்டோஸ் கிரெடென்ஷியல்' அழுத்தி, முகவரியில் 192.168.1.20 என்பது போல ஐபியை மட்டும், முன்னால் கோடுகள் இல்லாமல் போடுங்கள். பயனர் பெயரை நாஸ்பெயர்\பயனர் என்ற வடிவில் கொடுங்கள். முன்னால் நாஸின் பெயர் இருப்பதால், விண்டோஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை ஒட்டி அனுப்பாது.

ஒரு நுணுக்கம்: விண்டோஸுக்கு \\192.168.1.20 என்பதும் \\நாஸ்பெயர் என்பதும் இரு வேறு சர்வர்கள். ஒன்றுக்குச் சேமித்த பாஸ்வேர்டு மற்றதற்குப் பயன்படாது. டிரைவ் எந்த வடிவில் இணைக்கப்பட்டிருக்கிறதோ அதே வடிவில் சேமியுங்கள். குழப்பமாக இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடலாம்.

இதன் பிறகு, 'நெட் யூஸ் * /டெலீட்' கொடுத்துப் பழைய இணைப்புகளைத் துண்டியுங்கள். அதற்கு முன் டேலி, எக்செல் போன்றவற்றில் அந்த டிரைவின் கோப்பு எதுவும் திறந்திருக்கக் கூடாது. பாதி எழுதிய நிலையில் இணைப்பை அறுத்தால் கோப்பு கெட்டுப்போகும் அபாயம் உண்மையானது. அடுத்து சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' மூலம் டிரைவை இணையுங்கள். 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' டிக் செய்யப்பட்டிருக்கட்டும்.

கெஸ்ட் தடை இன்னும் விழுகிறதா என்பதை உறுதிசெய்ய 'ஈவென்ட் வியூவர்' இருக்கிறது. 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'எஸ்எம்பிகிளையன்ட்', 'செக்யூரிட்டி' என்று உள்ளே போங்கள். 31017 என்ற எண் தெரிந்தால், நாஸ் உங்களை இன்னும் கெஸ்ட்டாகவே பார்க்கிறது. பயனர் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

பயனரை உருவாக்கவே முடியாத சாதனம் என்றால் மட்டும் விதியைத் தளர்த்த யோசிக்கலாம். 'எடிட் குரூப் பாலிசி' திறந்து, 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', 'நெட்வொர்க்', 'லான்மேன் வொர்க்ஸ்டேஷன்' என்று போய், 'எனேபிள் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்' என்பதை 'எனேபிள்ட்' ஆக்க வேண்டும். முன்பு சொன்னபடி இது மட்டும் போதாது; அடுத்த பகுதியில் வரும் கையொப்பக் கட்டாயத்தையும் நீக்க வேண்டும். இரண்டையும் செய்தால், அந்தக் கணினி தன்னை நாஸ் என்று சொல்லிக்கொள்ளும் எந்தப் பெட்டியையும் நம்பும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) பரப்புகிறவர்களுக்கு வேண்டியதும் அதுவே. கடைக்கு வருபவர்களுக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

அறிகுறி 2: 'கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர் இஸ் இன்வேலிட்', அல்லது -1073700864 என்ற எண்

இங்கே கெஸ்ட் பிரச்சினை இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் சரி. ஆனால் எதிர்முனைக்குக் கையொப்பமிடத் தெரியவில்லை, அல்லது அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் நாஸின் ஃபர்ம்வேரை (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) அதன் தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட பதிப்புக்கு மேம்படுத்துங்கள். பிறகு நாஸின் எஸ்எம்பி அமைப்பைப் பாருங்கள். சினாலஜியில் 'ஃபைல் சர்வீசஸ்', 'எஸ்எம்பி', 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்'. கியூநாப்பில் 'நெட்வொர்க் அண்ட் ஃபைல் சர்வீசஸ்' பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்கிங்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. குறைந்தபட்சம் எஸ்எம்பி2, அதிகபட்சம் எஸ்எம்பி3 என்று வையுங்கள். நடப்புச் சாம்பாவில் எஸ்எம்பி2 முதல் கையொப்பத்தை முழுவதுமாக அணைக்கவே முடியாது. 'சர்வர் சைனிங்' என்பதை 'டிஸேபிள்ட்' என்று வைத்தாலும் அது 'ஆட்டோ' போலவே நடக்கும். ஆகவே ஓரளவு புதிய சாம்பா உள்ள பெட்டியில் இந்தப் பிழை அரிது. வந்தால், பழைய ஃபர்ம்வேரையோ வேறு எஸ்எம்பி மென்பொருள் ஓடும் சாதனத்தையோ சந்தேகிக்கலாம்.

ஃபர்ம்வேரே வராத சாதனமாக இருந்து, வேலையும் நிற்கக் கூடாது என்றால், 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' திறந்து 'லோக்கல் பாலிசீஸ்', 'செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்' போங்கள். 'மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ் (ஆல்வேஸ்)' என்பதை 'டிஸேபிள்ட்' ஆக்குங்கள். பக்கத்தில் கிட்டத்தட்ட இதே வாசகத்தோடு 'நெட்வொர்க் சர்வர்' என்று தொடங்கும் இன்னொன்று இருக்கும். அது உள்ளே வரும் இணைப்புகளுக்கானது, இங்கே தொட வேண்டாம். இந்தத் தளர்வு அந்த ஒரு நாஸுக்கு மட்டுமல்ல, கணினி இணையும் எல்லாச் சர்வர்களுக்கும் பொருந்தும். தரவைப் புதிய பெட்டிக்கு மாற்றியதும் திரும்பப் பழையபடி வையுங்கள்.

கையொப்பத்தால் கோப்புப் பரிமாற்றம் கொஞ்சம் மெதுவாகலாம். பலவீனமான செயலி உள்ள பழைய நாஸில், பெரிய வீடியோக் கோப்புகளை நகர்த்தும்போது தெரியும். கணக்குக் கோப்பு, வேர்டு, பிடிஎஃப் வேலைகளில் தெரியாது. வேகத்துக்காக மட்டும் இதை அணைப்பதை ஏற்க முடியாது.

அறிகுறி 3: 'இந்த ஷேருக்கு வழக்கொழிந்த எஸ்எம்பி1 தேவை' என்ற செய்தி, எண் 384

ரூட்டரின் யுஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்கைச் செருகி அதையே சர்வராக வைத்திருப்பவர்களுக்கும், பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய நாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது வரும். விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்தே புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சேர்க்கப்படுவதில்லை. 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கிய வான்னாக்ரை ரான்சம்வேர், எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது.

முதலில் சாதனத்தின் அமைப்பில் எஸ்எம்பி2 என்ற தேர்வு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வசதி இருந்தும் பல பெட்டிகளில் எஸ்எம்பி1-லேயே விடப்பட்டிருக்கும். இல்லவே இல்லை என்றால், ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கணினியில் நேரடியாகச் செருகித் தரவை எடுப்பதே பாதுகாப்பானது. டிஸ்க் லினக்ஸ் வடிவத்தில் இருந்து விண்டோஸுக்குப் புரியாவிட்டால், 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். கேன்சல் அழுத்துங்கள், தவறிச் சம்மதித்தால்தான் தரவு உண்மையிலேயே போகும்.

வேறு வழியே இல்லாமல், தரவை எடுக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் எஸ்எம்பி1 வேண்டும் என்றால், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' திறந்து, 'எஸ்எம்பி 1.0' கிளையில் 'கிளையன்ட்' மட்டும் டிக் செய்யுங்கள். 'சர்வர்' வேண்டாம். ரீஸ்டார்ட், நகலெடுப்பு, உடனே டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட்.

அறிகுறி 4: 'நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்'; எண் 53, அல்லது 80070035 என்று முடியும் குறியீடு

இந்தச் செய்தியை அப்படியே நம்ப வேண்டாம். பாதை உண்மையில் கிடைக்காதபோதும் இது வரும். பாதை கிடைத்து, கெஸ்ட் தடையால் திரும்பியபோதும் சில நேரம் இதுவே வரும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. பவர்ஷெல் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.20 -போர்ட் 445 என்று தட்டுங்கள். கடைசி வரியில் 'டிசிபிடெஸ்ட்சக்சீடட்' என்பதற்கு எதிரே 'ட்ரூ' என்று வந்தால் பாதை திறந்திருக்கிறது. நேரே ஈவென்ட் வியூவரில் 31017 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

'ஃபால்ஸ்' வந்தால் பாதைதான் பிரச்சினை. நாஸின் ஐபி மாறியிருக்கிறதா என்று முதலில் ரூட்டரில் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் ரூட்டர் புதிய எண் கொடுப்பது சகஜம். அப்டேட் அன்றைக்கே நடந்தால் பழி அப்டேட் மேல் விழும். ரூட்டரில் நாஸுக்கு நிரந்தர ஐபி ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது. எண் சரி என்றால், விபிஎன், ஆன்டிவைரஸின் ஃபயர்வால் இரண்டையும் ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதியுங்கள்.

எதிர்முனை நாஸ் அல்ல, இன்னொரு விண்டோஸ் கணினி என்றால், அங்கே 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். அது 'பப்ளிக்' ஆகியிருந்தால் ஃபயர்வால் எல்லாரையும் வெளியே நிறுத்தும், 'பிரைவேட்' ஆக்குங்கள். அங்கே 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' ஆன் ஆகியிருக்கவும் வேண்டும்.

ஐபியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் வேலை மட்டும் நடக்கவில்லை. டிரைவை ஐபியிலேயே இணைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். 'நெட்வொர்க்' ஃபோல்டரில் மற்ற கணினிகள் தெரியாமல் போவதும் இணைப்பு இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல. அந்தப் பட்டியல் தனி சர்வீஸ்களால் உருவாவது. பட்டியல் வேண்டுமானால், 'சர்வீசஸ்' திறந்து 'ஃபங்ஷன் டிஸ்கவரி' என்று தொடங்கும் இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கித் தொடங்குங்கள்.

அறிகுறி 5: சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது; எண் 86 அல்லது 1326

எதிர்முனை நாஸ் என்றால் பெரும்பாலும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கிய பழைய பதிவுதான் காரணம். அறிகுறி 1-ல் சொன்னபடி நீக்கிப் புதிதாகச் சேருங்கள். மிகப் பழைய நாஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. என்டிஎல்எம் முதல் பதிப்பு என்ற பழைய சரிபார்ப்பு முறை 24எச்2-வில் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. அது மட்டுமே தெரிந்த பெட்டியோடு இனி பேச முடியாது. விண்டோஸில் திரும்பக் கொண்டுவரும் அமைப்பும் கிடையாது.

எதிர்முனையும் விண்டோஸ் என்றால் கதை வேறு. லாகின் திரையில் நீங்கள் தட்டும் நான்கிலக்க பின் (PIN) எண், அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை நெட்வொர்க்கில் பயன்படுத்தவும் விண்டோஸ் இயல்பாக விடாது. இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம் என்றால், கோப்பு இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்குங்கள். 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுன்ட்' அழுத்தி, மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் தகவல் இல்லை என்பதைத் தேர்ந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில்லாத பயனரைச் சேர்க்கலாம். பிறகு ஃபோல்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'ஷேரிங்' பக்கம், 'செக்யூரிட்டி' பக்கம் இரண்டிலும் அந்தப் பயனருக்கு அனுமதி கொடுங்கள். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஒன்றில் மறந்தால் எண் 5, 'ஆக்சஸ் டினைடு' வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கு இடையே மட்டும் பாஸ்வேர்டு மறுக்கப்பட்டால், நம்மூரில் முக்கியமாகச் சோதிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: குளோன் செய்த டிஸ்க். ஒரு கணினியில் விண்டோஸும் மென்பொருள்களும் ஏற்றி, அதன் அச்சு நகலையே அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் போட்டுக்கொடுப்பது கணினி விற்பனைக் கடைகளில் பரவலான வழக்கம். அப்படிச் செய்யும்போது கணினியின் அடையாள எண்ணான எஸ்ஐடியும் நகலாகிவிடும். 2025 ஆகஸ்ட் 29-லிருந்து வந்த அப்டேட்டுகள் 24எச்2, 25எச்2 கணினிகளில் இந்த எண்ணைச் சரிபார்க்கின்றன. ஒரே எண் கொண்ட இரண்டு கணினிகள் ஒன்றையொன்று சரிபார்க்க முடியாமல் போகும். செப்டம்பர் மாத அப்டேட் கேபி5065426 ஏறியதும் பல இடங்களில் ஃபோல்டர் பகிர்வு நின்றது இதனால்தான்.

சோதிக்க, இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்டில் 'ஹூஆம்ஐ /யூசர்' (whoami /user) தட்டுங்கள். வரும் நீண்ட எண்ணில், கடைசிக் கோட்டுக்குப் பின் உள்ள 1001 போன்ற பகுதியை விட்டுவிட்டு மற்றதை ஒப்பிடுங்கள். முழுக்க ஒன்றாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஈவென்ட் வியூவரின் 'சிஸ்டம்' பதிவில் 6167 என்ற எண்ணும் அதை உறுதிசெய்யும். டொமைன் கணக்கில் (அலுவலகச் சர்வர் நிர்வகிக்கும் பொதுக் கணக்கு) லாகின் செய்திருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது; அங்கே எண் டொமைனுடையது.

இதற்கு நிரந்தரமான குறுக்குவழி கிடையாது. நகலான கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். அல்லது மூல டிஸ்கை 'சிஸ்பிரெப்' கருவியின் 'ஜெனரலைஸ்' தேர்வோடு தயார்செய்து மறுபடி நகலெடுக்க வேண்டும். எண்ணை மட்டும் மாற்றுவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புக் கருவிகளை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பத்துக் கணினி என்றால், கோப்பு இருக்கும் கணினியை முதலில் புதிதாக நிறுவுங்கள். மற்ற ஒன்பதும் அதோடு மட்டுமே பேசுகின்றன என்றால், அந்த ஒன்றின் எண் மாறியதுமே பகிர்வு உயிர் பெறும். புதிய கணினி வாங்கும்போது, சிஸ்பிரெப் செய்துதான் நகலெடுத்தீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அறிகுறி 6: எண் 1219, 'மல்டிபிள் கனெக்ஷன்ஸ்'

ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் நுழைய முடியாது. 'நெட் யூஸ்' மட்டும் தட்டினால் இருக்கும் இணைப்புகள் தெரியும். பழையதை அறுத்துவிட்டுப் புதியதை இணையுங்கள். பட்டியலில் எதுவும் இல்லாமலும் இந்தப் பிழை வந்தால் சைன் அவுட் போதும்.

அறிகுறி 7: கணினி தொடங்கியதும் சிவப்புக் குறி, கிளிக் செய்தால் திறக்கிறது

வைஃபை இணையும் முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிவிடுகிறது. கிளிக் செய்தால் திறக்கும் என்பதால் ஆபத்தில்லை. ஆனால் அந்த டிரைவில் தரவு வைத்திருக்கும் மென்பொருள், தொடங்கும்போதே தரவைக் காணவில்லை என்று நின்றுவிடும். குரூப் பாலிசியில் 'சிஸ்டம்', 'லாகான்' கிளையில் 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் தி நெட்வொர்க்' என்பதை இயக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால், டிரைவை இணைக்கும் நெட் யூஸ் வரியை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, 'டாஸ்க் ஷெட்யூலரில்' லாகின் ஆனதும் 30 விநாடி தாமதத்தோடு ஓடும்படி வையுங்கள். அதில் 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யாதீர்கள். செய்தால் டிரைவ் அட்மின் தளத்தில் இணைந்து, உங்கள் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. அட்மினாக ஓட்டும் மென்பொருளுக்கு இசட் டிரைவ் தெரியாமல் போவதும் இதே காரணத்தால்தான். அங்கே டிரைவ் எழுத்துக்குப் பதில் முழுப் பாதையைக் கொடுங்கள்.

அறிகுறி 8: ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கணினி ஃபோல்டருக்கு ஸ்கேன் வருவது நின்றுவிட்டது

இது எதிர்த்திசைப் பிரச்சினை: கணினி சர்வர், மெஷின் கிளையன்ட். 24எச்2 உள்ளே வரும் இணைப்புகளுக்கும் கையொப்பம் கேட்கிறது. பழைய மெஷின்களுக்கு அது தெரியாது. மெஷினின் திரையில் 'சென்ட் எரர்' என்றோ 'லாகின் ஃபெயில்டு' என்றோ மட்டும் வரும். மெஷினின் ஐபியை பிரவுசரில் திறந்து, எஸ்எம்பி பதிப்பை 2 அல்லது 3 ஆக்குங்கள். முகவரிப் பட்டியலில் பதிந்துள்ள பாஸ்வேர்டையும் அறிகுறி 5-ல் உருவாக்கிய உள்ளூர்க் கணக்குக்கு மாற்றுங்கள். தவறான பாஸ்வேர்டு ஒவ்வொன்றுக்கும் 24எச்2 இயல்பாக 2 விநாடி தாமதிக்கும். பழைய பாஸ்வேர்டோடு விடாமல் முயலும் மெஷின், இதனால் தொங்கிப்போனது போலத் தோன்றும்.

இன்னொரு காரணமும் உண்டு. 24எச்2-வில் புதிதாக ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது, ஃபயர்வாலில் 137 முதல் 139 வரையான பழைய நெட்பயாஸ் போர்ட்டுகள் இனித் திறக்கப்படுவதில்லை, 445 மட்டும்தான். நெட்பயாஸ் வழியாகவே வரத் தெரிந்த மெஷின் கதவு வரைகூட வராது. மெஷினின் அமைப்பில் 445-ஐ நேரடியாகப் பயன்படுத்தும் தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள்.

கையொப்பம்தான் தடை என்று உறுதியானால், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் முன்பு தொட வேண்டாம் என்று சொன்ன 'நெட்வொர்க் சர்வர்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ் (ஆல்வேஸ்)' என்பதை 'டிஸேபிள்ட்' ஆக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் கணக்குக் கோப்புகளும் இருந்தால், மெஷினின் மின்னஞ்சல் வழி அல்லது எஃப்டிபி வழி ஸ்கேனுக்கு மாறுவது மேல். நாஸ் இருக்கும் அலுவலகத்தில் இன்னும் எளிது: மெஷினுக்கென்று நாஸில் ஒரு பயனரை உருவாக்கி, 'ஸ்கேன்' என்ற ஒரே ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள். மெஷின் நாஸில் போடும். கணினிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.